குச்சி வைத்த இடம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யோகம்மா என்ற பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது ஏழாம் லயத்து வரிசை வீட்டு யோகம்மாவை, சின்னராசாவின் மனைவியை. எனக்குத் தங்கை முறை. அதனால் அவள், வந்தாள், போனாள் என்றுதான் எழுதுவேன். மரியாதை இல்லாமல் எழுதுகிறான் என்று யாரும் கோபிக்க வேண்டாம்.

நமுனுகுல மலைக்கு இந்தப் பக்கம் எங்கள் தோட்டம். காலை பத்து மணிவரைக்கும் இங்கே எதுவும் முழுசாகத் தெரியாது. கோயில் தெரிகிற நேரம் பள்ளிக்கூடம் மறைந்திருக்கும். பள்ளிக்கூடம் வெளியே வந்தால் கோயிலைக் காணோம். நான் கொழுந்து லொறி ஓட்டுகிறவன். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பனிமூட்டத்துக்குள்தான் வளைவு எடுக்கிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. யோகம்மா அதுவும் இல்லை, நான்கு.

அவளுக்கு இரண்டும் பெண்பிள்ளைகள். மூத்தவள் யசோதினி பதினோராம் ஆண்டு முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் எல்லாப் பாடமும் பாஸ் பண்ணி, கணிதத்தில் மட்டும் விழுந்தாள். கணிதம் இல்லாமல் உயர்தரத்துக்கு எடுக்க மாட்டோம் என்று பதுளை டவுன் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டுவரை நிற்கிறாள் என்பதால்தான் அப்படி எழுதுகிறேன். இளையவள் லதுஷா பதினோராம் ஆண்டுக்கு வந்தபோது யோகம்மாவுக்கு ஒரே ஒரு எண்ணம்தான். இந்தப் பிள்ளை அந்தக் கணக்கைத் தாண்டிவிட வேண்டும். தாண்டி, பதுளைக்குப் படிக்கப் போக வேண்டும். வேறு எதுவும் அவள் சாமியிடம் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். என் மகன் ரமேஸும் அதில் ஒருத்தன்.

கணிதம் படிப்பித்தவர் இரகுநாதன் சார். யாழ்ப்பாணத்து மனுசன், முப்பத்தைந்து வயது இருக்கும். பதுளையில் அறை எடுத்துத் தங்கி, பசறை வழியாக வருகிற முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒரு நாள் லீவு போட மாட்டார். கரும்பலகையில் அவர் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். ஒரு வரி எழுதி முடித்ததும் பிள்ளைகள் பக்கம் திரும்பி, விளங்கிச்சுதோ என்று கேட்பார். இருபத்தாறு வாயும் சேர்ந்து ஆமா சார் என்னும். அவரும் அடுத்த வரிக்குப் போய்விடுவார். தவணைப் பரீட்சை வைத்தபோது நான்கு பேர்தான் பாஸ் மார்க் முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தார்கள். லதுஷாவுக்குப் பதினேழு. என் மகனுக்கு ஒன்பது.

சாருக்கு மனசு விட்டுப்போனது. விளங்குது விளங்குது என்று சொல்லி இந்தப் பிள்ளைகள் தன்னைப் பேய்க்காட்டுகின்றன, ஏமாற்றுகின்றன என்று அதிபரிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் கிழமையே ஊருக்கு மாற்றம் கேட்டு எழுதியும் போட்டுவிட்டார். அது எங்களுக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

பிள்ளைகள் பேய்க்காட்டவில்லை. வெளியூர் மனுசருக்கு இது புரிவது கஷ்டம். எங்கள் ஆட்கள் வாயில் ஆமாங்க என்பது ஒரு கும்பிடு மாதிரி. விடியற்காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையாக நிற்கும்போது எந்த மலைக்குப் போகச் சொன்னாலும் ஆமாங்க. மழையில் போகச் சொன்னாலும், போன கிழமை வெட்டிய இடத்துக்கே திரும்பப் போகச் சொன்னாலும் ஆமாங்கதான். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, நான் எதிர்த்து நிற்கவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். பெரிய மனுசர் ஒருத்தர் முன்னால் நின்று கேட்டால் தன்னாலே வந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்ததாம். பெற்றோரையும் பிள்ளைகளையும் கூட்டி வைத்து, கணித பாடத்தை எப்படிச் சீராக்கலாம் என்று அவர்களிடமே கேட்க வேண்டுமாம். அதிபர் ஜஸீல் சார் பதுளை டவுன்காரர், கடிதத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறவர் இல்லை. எல்லாரும் ஒரு நாள் வந்து பிள்ளைகளோடு வகுப்பில் இருங்கள், பாடத்தைப் பாருங்கள், குறை இருந்தால் சொல்லுங்கள் என்று ஆள் அனுப்பினார்.

நாங்கள் கல்யாணத்துக்குப் போகிற மாதிரிப் போனோம். யோகம்மா தீபாவளிச் சேலையில் வந்தாள். வகுப்புக்குள் போனதும் யாரும் சொல்லாமலே சுவர் ஓரமாக வரிசையாக நின்றுவிட்டோம். உட்காரச் சொல்லி அதிபர் இரண்டு தடவை கெஞ்ச வேண்டியிருந்தது. பிள்ளைகள் உட்காரும் பலகை வாங்கில் என் முழங்கால் நுழையவில்லை. ரமேஸ் எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, அப்பா காலை மடக்குங்க, எல்லாரும் பாக்குறாங்க என்று முணுமுணுத்தான்.

ஜன்னல் வழியாக மூட்டம் உள்ளே வந்து, எங்களுக்கும் கரும்பலகைக்கும் நடுவில் படுத்துக்கொண்டது. சார் எழுதுகிறார். எழுத்து கொஞ்சம் தெரிகிறது, கொஞ்சம் மறைகிறது. ஐந்து போட்டார். பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. கழிக்கிற அந்தக் கோட்டுக்குச் சய என்று பெயர் என்று ரமேஸ் சொன்னான். பிறகு ஒரு இரண்டு. பிறகு இரண்டு பக்கமும் வளைந்த அடைப்புக்குறி. அடைப்புக்குள்ளே எக்ஸ், சய, மூன்று. அதற்குக் கீழே இன்னொரு வரி, அதற்குக் கீழே இன்னொன்று. எனக்கு அது தூரத்து மலையில் ஆட்கள் வரிசையாகக் கொழுந்து எடுக்கிற மாதிரி இருந்தது. பார்க்க நன்றாக இருந்தது. ஒன்றும் புரியவில்லை.

சார் எங்கள் பக்கம் திரும்பினார்.

“விளங்கிச்சுதோ?”

ஆமாங்க சார் என்றோம். பிள்ளைகள் மட்டுமல்ல. நான், யோகம்மா, சின்னராசா, ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்த தோட்டத்துத் தபால்காரர், எல்லாரும். கூரைத் தகரம் அதிர்ந்தது. சார் கையில் சோக்கோடு அப்படியே நின்றார். நான்காம் வகுப்பு படித்த பொம்பளைக்கு ஒரே தடவையில் விளங்கிவிட்டதா என்று அவர் யோசித்திருக்க வேண்டும். ஆனால் கேட்கவில்லை. குறை ஏதும் உண்டோ என்றார். இல்லீங்க சார் என்றோம். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வருகிற வழியில் எனக்கு முன்னால் தாயும் மகளும் போனார்கள். கொஞ்ச தூரம் போன பிறகு யோகம்மா கேட்டாள்.

“ஏன்டி, நெசமாவே ஒனக்கு வெளங்குச்சா?”

“இல்லம்மா.”

“பின்ன ஏன் ஆமான்னு சொன்ன?”

“நீங்க ஏன் சொன்னீங்க?”

யோகம்மா நின்றுவிட்டாள். பின்னால் வந்த நான் ஒதுங்கிப் போக வேண்டியதாயிற்று. அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. வீட்டுச் சாவியை எங்கேயோ வைத்துவிட்டு, எங்கே என்று யோசிக்கிறவள் மாதிரி ரோட்டு நடுவில் நின்றாள்.

அடுத்த கிழமை கங்காணியிடம் அரை நாள் கேட்டுக்கொண்டு தனியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். இந்தத் தடவை சேலை மாற்றவில்லை. இடுப்பில் கட்டுகிற படங்கை மட்டும் அவிழ்த்துக் கதவோரம் சுருட்டி வைத்துவிட்டுக் கடைசி வாங்கில் இருந்தாள் என்று ரமேஸ் சொன்னான். சார் மூன்று வரி எழுதிவிட்டுத் திரும்பினார், கேட்டார். பிள்ளைகள் ஆமா சார் என்றன. அந்தச் சத்தம் அடங்கியதும் பின்னால் யோகம்மா எழும்பி நின்றாள். கை இரண்டும் கும்பிட்டபடி இருந்ததாம்.

“வெளங்கலீங்க சார். எனக்குத்தான்னு நெனச்சிறாதீங்க. இதுகளுக்கும் வெளங்கலீங்க.”

லதுஷா தலையைக் கவிழ்த்துக்கொண்டு மேசையைப் பார்த்திருக்கிறாள். சார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். உண்மையோ என்று கேட்டார். யாரும் ஆமா என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் அந்த வகுப்பு அவருக்குப் பதில் சொல்லாமல் இருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவர் பலகையை முழுக்க அழித்தார். அழித்துவிட்டு, “எந்த இடத்திலை அம்மா?” என்றார்.

“அது தெரியலீங்களே சார்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. அந்த இடம் தெரிந்தால்தானே நான் ஏதும் செய்யலாம் என்று மெதுவாகச் சொன்னாராம்.

அந்தக் கேள்வி யோகம்மாவோடு மலைக்கு வந்தது. எந்த இடம்? நான் கொழுந்து ஏற்றப் போன நேரங்களில் அவள் நிரையில் நின்று வெறுமனே செடியைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். கை மட்டும் தன் பாட்டில் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வழி கிடைத்தது. எங்கள் மலையில் ஒரு பழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு நிரை. நேரம் முடிந்து நிரை பாதியில் நின்றால், எந்தச் செடியோடு நிறுத்தினோமோ அந்தச் செடியில் ஒரு குச்சியை ஒடித்துச் செருகிவிட்டு வருவோம். மறுநாள் எவ்வளவு மூட்டம் இருந்தாலும் குச்சியைத் தடவிப் பார்த்து அங்கிருந்து தொடங்கலாம். அன்றைக்கு யோகம்மா குச்சியைச் செருகிவிட்டுக் கையை எடுக்காமலே நின்றாளாம். பக்கத்து நிரைக்காரி, என்னடி செடி ஒன்னய புடிச்சுக்கிச்சா என்று கேலி பண்ணினாளாம்.

அவள் அந்த யோசனையை அதிபரிடம் போய்ச் சொல்ல, ஞாயிற்றுக்கிழமை அவர் எல்லாப் பெற்றோருக்கும் சொன்னார். விளங்குது, விளங்கவில்லை என்ற பேச்சே வேண்டாம். கணக்குச் செய்யும்போது எந்த வரியில் வழி தவறுகிறதோ, அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் மேலிருந்து கீழாக ஒரு சின்னக் கோடு. அதுதான் குச்சி. பிள்ளை வாயைத் திறக்க வேண்டியதில்லை. கணக்கு எழுதுகிற கொப்பி சொல்லும்.

முதல் கிழமை இருபத்தாறு கொப்பியிலும் சேர்த்து இரண்டே குச்சிதான் இருந்தது. பிள்ளைகளுக்கு வெட்கம். ஒருத்தன் கொப்பியை ஒருத்தன் பார்ப்பானே. என் மகன் கொப்பி வெள்ளை வேட்டி மாதிரி இருந்தது. ஒன்பது மார்க் எடுத்தவனுக்கு ஒரு இடத்திலும் சந்தேகம் இல்லையாம்.

அப்போதுதான் யோகம்மா இன்னொன்று செய்தாள். லதுஷாவைப் பக்கத்தில் இருத்தி, கணக்கைச் சத்தமாக வாசி என்றாள். தான் ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் பிள்ளையின் குரல் புரியும். லதுஷா நன்றாக வாசித்துக்கொண்டே வருவாள், ஒரு இடத்தில் குரல் இறங்கும். இல்லாவிட்டால் சறுக்கில் போகிற மாதிரி வேகமாக ஓடும். வேகமாக ஓடுகிற இடத்தில்தான் பொய் இருக்கிறது என்று எந்தத் தாய்க்கும் தெரியும். அந்த இடத்தில் யோகம்மா மாவுக் கையோடு பென்சிலை எடுத்து ஒரு கோடு போட்டாள். லதுஷா, அங்க இல்லம்மா என்றாளாம். யோகம்மா, அங்கதான் என்றாளாம். அழித்துச் செய்து பார்த்தால் அங்கேதான்.

லயத்தில் ஒரு வீட்டில் நடப்பது அடுத்த வீட்டுக்குக் கேட்கும். இரண்டு கிழமைக்குள் ஏழாம் லயம், எட்டாம் லயம், ஆற்றோரத்து லயம் எல்லாவற்றிலும் சாயங்காலம் ஆனால் கணக்கு வாசிக்கிற சத்தம். மழை பெய்யும், அடுப்புப் புகை கூரையில் தவழும். அதற்குள்ளே எக்ஸ், சய, சமன் என்று பிள்ளைகளின் குரல் லயத்து அறை ஒவ்வொன்றாக, காம்பரா காம்பராவாகப் போகும். நான் லொறியை நிறுத்திவிட்டு வரும்போது அந்தச் சத்தத்துக்குள் நடந்து வருவேன். பஜனை நடக்கிற ஊருக்குள் வருகிற மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் என் மனைவி ஜெயலெட்சுமி போட்ட குச்சிகளைப் பார்த்தால் ரமேஸின் கொப்பி முள்வேலி மாதிரி இருந்தது. அவன் என்னிடம் வந்து முறையிட்டான். நான் இன்னும் இரண்டு போட்டுக் கொடுத்தேன்.

சார் இருபத்தாறு கொப்பியையும் அடுக்கி வைத்து ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பினார். நானும் அன்றைக்கு ஒரு சாமான் இறக்கப் போய் அதிபரின் அறை வாசலில் நின்றேன். முதல் கொப்பியில் குச்சி இருந்த இடத்தில்தான் இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதிலும் அங்கேதான். அடைப்புக்கு வெளியே நிற்கிற சய உள்ளே போகிற இடம். இருபத்தொரு கொப்பியில் அதே இடம். சார் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

இந்த இடத்தில் மூன்று வரி எழுத வேண்டியதை நான் ஒரு வரியில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன் என்றார். அதிபரிடம் சொன்னாரா, தனக்கே சொன்னாரா தெரியாது. இதெல்லாம் கீழ் வகுப்பில் படித்திருப்பார்கள் என்று நினைத்தேன் என்றார். அதிபர் அப்போது சொன்னார், இந்தப் பிள்ளைகள் ஏழிலும் எட்டிலும் இருக்கும்போது ஒன்றரை வருடம் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியரே இல்லை என்று. அவர்கள் அந்த நேரத்தில் மைதானத்தில் புல் பிடுங்கினார்கள். அதை யாரும் சாரிடம் சொல்லவில்லை. இதெல்லாம் படித்ததுதானே என்று அவர் கேட்டிருந்தால் நாங்கள் என்ன சொல்லியிருப்போம் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு பாடம் வேறு மாதிரி நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் சார் பஸ் ஏறி வந்தார். குச்சி கூடின இடத்தில் நிற்பார். அந்த இடத்தைப் பத்துத் தடவை வெவ்வேறு மாதிரி எழுதுவார். பெற்றோரில் நான்கைந்து பேர் எப்போதும் பின் வரிசை வாங்கில் இருப்போம். வெளியே மூட்டம், உள்ளே சோக்குத் தூள். எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனக்குச் சில நேரம் கண் சொருகும். ஆனால் கெட்ட தூக்கம் இல்லை அது.

ஒரு ஞாயிறு யோகம்மா தான் கண்ட கனவைச் சொன்னாள். மலையில் இரண்டு பக்கமும் வளைந்த கான் வெட்டியிருக்கிறது. தண்ணீர் ஓடுகிற கான்தான். நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை. பாதை வாசலில் கங்காணி குறுக்கே ஒரு கம்பைப் படுக்கப் போட்டுக்கொண்டு நிற்கிறார். உள்ளே போகிற ஒவ்வொருத்தரையும் பிடித்துத் திருப்பி விடுகிறார். முகம் பார்த்துப் போனவர்கள் முதுகைக் காட்டுகிறார்கள், முதுகு காட்டிப் போனவர்கள் முகம் காட்டுகிறார்கள். ஒருத்தரையும் விடவில்லை. கடைசியில் ஒளிந்து நின்ற மூன்று என்கிற இலக்கத்தையும் காதைப் பிடித்துத் திருப்பினார். “அந்த மூனத்தான் சார் நம்ம புள்ளைக மறந்துட்டு வந்துருதுக,” என்றாள்.

சார் முழுவதையும் கேட்ட பிறகு பலகையில் அந்தச் சயவுக்குக் கங்காணி போடுகிற மாதிரி ஒரு தொப்பி வரைந்தார். வகுப்பு சிரித்து அடங்க ஐந்து நிமிடம் ஆனது. அடுத்த சோதனையில் லதுஷாவுக்கு முப்பத்தெட்டு.

பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது சாருக்கு மாற்றம் வந்தது. அவரே கேட்டு வாங்கிய மாற்றம். மனசு விட்டிருந்த நாளில் எழுதியது, மனசு திரும்பிய பிறகு வந்து சேர்ந்தது. பரீட்சை முடியும்வரை நிற்கிறேன் என்று எழுதிப் பார்த்தார், நடக்கவில்லை. ஊரில் தாய்க்குச் சுகமில்லை என்று காட்டித்தான் மாற்றம் கேட்டிருந்தார். அது பொய்யும் இல்லை. அவர் போன அன்று யோகம்மா பஸ் நிற்கிற இடத்துக்கு வரவில்லை. மலையில் இருந்தாள். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது பார்த்தேன். மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க, அவள் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூத்தவளுக்குப் பக்கத்தில் இளையவளும் துணிக்கடையில் நிற்பது அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

புது ஆசிரியர் வரவில்லை. ஒரு கிழமை கழித்து லதுஷாதான் என்னிடம் வந்தாள். மாமா, ஒங்க போன்ல படம் எடுத்து அனுப்பலாமா என்றாள். அவள் கொப்பியில் குச்சி போட்ட பக்கம். சாரின் நம்பர் என்னிடம் இருந்தது. எங்கள் தோட்டத்தில் மூன்றாம் வளைவில்தான் போனுக்கு ஒழுங்காக சிக்னல் வரும். காலையில் அங்கே நிறுத்தி அனுப்பினேன். மத்தியானத்துக்குள் பதில் வந்தது. எழுத்தில் இல்லை, குரலில்.

நான்கரை மணிக்கு லொறியை மூன்றாம் வளைவில் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, போனை முன் டயருக்கு மேலே மட்காட்டில் வைத்தேன். லதுஷா, ரமேஸ், இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகள். வேலை முடிந்து கூடையோடு இறங்கி வந்த பொம்பளைகளும் நின்றார்கள். மூட்டம் எங்கள் கால்களை மூடியிருந்தது. இரகுநாதன் சாரின் குரல் வந்தது. “லதுஷா, உம்மடை குறி நாலாவது வரியிலை கிடக்கு. பிழை அதிலை இல்லை. மூண்டாவது வரியைப் பாரும்.” அவர் பேசுகிறதுக்குப் பின்னால் காகம் கத்தியது, பனை ஓலை உரசியது, யாரோ ஒரு அம்மா இருமினார். கடலுக்குப் பக்கத்து வெயில் அந்தச் சத்தத்துக்குள் இருந்தது. எங்களுக்குக் குளிர்ந்தது.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். காலையில் குச்சிகள் யாழ்ப்பாணம் போகும், சாயங்காலம் குரல் வரும். இடம் தெரிந்தால் போதும், ஆள் அங்கே நிற்க வேண்டியதில்லை என்று சார் ஒரு தடவை சொன்னார். பெரிய கங்காணி வந்து லொறியை ஏன் இங்கே நிறுத்துகிறாய் என்று கேட்டார். டயர் பார்க்கிறேன் என்றேன். மூன்று மாதம் டயர் பார்த்தேன்.

ஒரு நாள் சார் நீளமாக ஒரு கணக்கை விளக்கிவிட்டுப் பழக்கத்தில், “விளங்கிச்சுதோ?” என்று கேட்டு நிறுத்தினார். குரல் முடிந்துவிட்டது. மட்காட்டில் போன் சும்மா கிடந்தது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“இல்ல சார்,” என்றாள் லதுஷா, போனைப் பார்த்து.

மனுசன் முன்னால் இல்லை, அது முன்னமே பேசி அனுப்பிய பேச்சு. அவளுக்கும் அது தெரியும். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பொம்பளைகள் சிரித்த சிரிப்பில் கூடை எல்லாம் குலுங்கியது. யோகம்மா மட்டும் சிரிக்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படிப் பார்த்ததை நான் அதற்கு முன்னாலும் காணவில்லை, பிறகும் காணவில்லை. பிறகு என் போனில் பதில் பேசி அனுப்பினோம்: வெளங்கல சார், ஆறாவது வரி.

பரீட்சை வந்தது, முடிந்தது. பெறுபேறு வந்த அன்று மூன்றாம் வளைவில் இடமில்லை. இருபத்தாறில் பதினைந்து பேர் கணிதத்தில் பாஸ். என் மகன் விழுந்துவிட்டான். அடுத்த வருடம் திரும்ப எழுதப் போகிறான், கொப்பியில் இப்போது அவனே குச்சி போடுகிறான். லதுஷாவுக்கு இங்கிலீசு எழுத்தில் சீ. அது நல்ல பாஸ்தான் என்று நான் யோகம்மாவுக்குச் சொன்னேன். அவள் போனை வாங்கி அந்த எழுத்தைக் காட்டச் சொன்னாள். விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“அடைப்புல பாதி மாதிரி கெடக்கே அண்ணே.”

“பாதியா இருந்தாலும் போதும்,” என்றேன்.

பதுளையில் இடம் கிடைத்தது. லதுஷா கணிதப் பக்கமே போகவில்லை, கலைப் பிரிவு எடுத்தாள். வரலாறும் தமிழும் புவியியலும். சாரிடம் சொன்னபோது அவர் கோபிக்கவில்லையாம், சந்தோசமாக இருக்கிறது என்றாராம். டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்க ஏற்பாடு.

அவள் புறப்பட்ட காலை ஆறு மணி பஸ். சின்னராசா பெட்டியைத் தூக்கி வைத்தான். யோகம்மா ஜன்னல் ஓரமாக நின்று, தேங்காய் எண்ணெய்ப் போத்தலைப் பையில் வைத்தியா, சீப்பு வைத்தியா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கண்டக்டர் மணி அடித்தான். பஸ் நகர்ந்து இருபது அடி போனதும் மூட்டம் மூடியது. கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தம் மட்டும் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. சின்னராசா தான் வேலை செய்கிற தேயிலைத் தொழிற்சாலைப் பக்கம் நடந்தான்.

நான் வெறும் லொறியோடு மலைக்கு ஏறப் போகிறேன், முன்னால் ஏறிக்கொள் என்று யோகம்மாவிடம் சொன்னேன். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஏறினாள். முதல் வளைவுவரை பேசினாள். ரெண்டு சட்டைய ஈரத்தோட மடிச்சு வச்சுட்டா அண்ணே, நாத்தமடிக்கும் என்றாள். இரண்டாம் வளைவில் பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். தலை கதவில் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஒரு வருடத்துத் தூக்கம் மொத்தமாக வந்து விழுந்த மாதிரித் தூங்கினாள்.

குழி இல்லாத பக்கமாக மெதுவாக ஏற்றினேன். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்ஜினை நிறுத்தினால் முழித்துக்கொள்வாள் என்று நிறுத்தவில்லை. கங்காணி கொப்பியோடு வந்து கண்ணாடியைத் தட்டப் பார்த்தார்.

தட்டாதீங்க என்றேன். “எறங்குவா. ஒரு அஞ்சு நிமிசம்.”

அவர் என்னையும் அவளையும் பார்த்தார். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிடப் போய்விட்டார்.